கழன்று கிடந்த பச்சை வயர்

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவளை அவள் அப்பா வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் ஸ்பேனர். காலடியில் எர்த் குழி. வீட்டு மெயின் போர்டிலிருந்து வந்து அந்தக் குழிக் கம்பியோடு சேர வேண்டிய பச்சை வயர், கிளாம்ப்பிலிருந்து கழன்று மண்ணில் கிடந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். கேமராவுக்கு இரும்புக் கம்பம் நட்டபோது இடைஞ்சலாக இருக்கிறதென்று கொத்தனார் கழற்றியிருப்பார். திருப்பி மாட்ட மறந்திருப்பார். கூட நின்று வேலை வாங்கிய தங்கை வீட்டுக்காரரும் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்து நிமிட வேலை. பெரியவள் குனிந்தும் விட்டாள். அப்போதுதான் ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மகன் இல்லைங்கற குறையே எனக்கு இல்லை சார். மாப்பிள்ளை இருக்காரே! பெரியவ என்ன, பல்பு மாட்டுவா, ஃபேன் மாட்டுவா. இது மூளை வேலையில்ல?"

பெரியவள் நிமிர்ந்தாள். ஸ்பேனரைப் பைக்குள் போட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது புதன்கிழமை. இன்று சனி.

*

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் ஒரு புது வீட்டில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாள். கொண்டையில் வழக்கம்போல் டெஸ்டர் செருகியிருந்தது. வயரிங் வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து, 'டெஸ்டரக்கா' என்பதே நிலைத்துவிட்டது.

வீட்டுக்காரி ஒரு டீச்சரம்மா. ஓய்வு பெற்றும் கேள்வி கேட்கிற பழக்கம் ஓயவில்லை.

"மெயின் போர்டுல இது என்னம்மா, புதுசா ஒரு பெட்டி?"

"சர்ஜ் அரெஸ்டர் டீச்சர். பக்கத்துல எங்கயாவது மின்னல் விழுந்தா கரண்ட் கம்பி வழியா ஒரு அடி வரும். கண் சிமிட்டுற நேரம்தான், அதுக்குள்ள டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் கருகிடும். இது அந்த அடியை வாங்கி மண்ணுக்குள்ள தள்ளிடும்."

"வெளியில கேமரா வைக்கணும்னு ஆசை. அதுக்கும் இது போதுமா?"

"அதுக்குத் தனியா வேணும். கேமரா வெட்டவெளியில நிக்குது, அதோட வயர் வீட்டுக்குள்ள வருது. மின்னலுக்கு நாமளே வாசலைத் திறந்து வச்ச மாதிரி. கம்பத்து உச்சியில வைக்காம, சன்ஷேடுக்குக் கீழ சுவரோட ஒட்டி வைக்கணும். வயர் உள்ள நுழையுற இடத்துல இன்னொரு அரெஸ்டர். இடி தூரத்துல கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்கிடணும். பக்கத்துல வந்தப்புறம் கிட்டயே போகக் கூடாது."

"கேமரா மாட்டுற அந்தத் தம்பி உங்க தங்கை வீட்டுக்காரராமே! எங்க தெருவே அவரைப் பத்தித்தான் பேசுது. அவர்கிட்டயே சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

பெரியவளின் திருப்புளி ஸ்குரூவை விட்டு வழுக்கியது.

தெருவே பேசுகிறது! இந்தத் தெருவில் பதினோரு வீட்டுக்கு அவள் வயர் இழுத்திருக்கிறாள். ஒரு வீட்டிலாவது ஷாக் அடித்தது என்று யாராவது சொல்லட்டும். சுவருக்குள் ஓடுகிற வயரை யார் பார்க்கிறார்கள்? நாலு கேமராவை நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியவன் மேதாவி ஆகிவிட்டான்.

அப்பாவும் அப்படித்தான். டிவியில் நாலு கட்டமாக வாசல், சந்து, கொல்லை, மாடி என்று தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவர் வேறு எந்த சானலும் பார்ப்பதில்லை. பூனை போனாலும் சொல்லுவார், குப்பை வண்டி வந்தாலும் சொல்லுவார். எல்லாவற்றையும் 'மாப்பிள்ளை புண்ணியத்துல' என்றுதான் ஆரம்பிப்பார். மகள் வயரிங் செய்த ஒரு வீட்டை அவர் இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை.

கேமரா வந்த முதல் வாரமே அவள் சொன்னாள். கம்பம் உயரம் அதிகம், அரெஸ்டர் போடுங்கள் என்று. அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு வயித்தெரிச்சல்டி."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது.

"இவ்வளவும் பண்ணிட்டா பயமில்லையே?" டீச்சரம்மா விடவில்லை.

"நேரா தலை மேல விழுந்தா ஒண்ணும் சொல்ல முடியாது. மத்தபடி பயமில்லை. ஆனா எர்த் சரியா இருக்கணும். எர்த் இல்லைன்னா இதெல்லாம் வெறும் அலங்காரம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயம் போல் இருண்டிருந்தது. தூரத்தில் ஒரு உறுமல்.

*

ஏணியிலிருந்து இறங்கி முதலில் அப்பாவுக்குத்தான் போன் போட்டாள்.

"அப்பா, இடி வருது. டிவிகிட்ட இருக்கற அந்தக் கேமரா பெட்டி பக்கம் போகாதீங்க."

"நல்லாத்தானே ஓடுது? மாடிக் கேமராவுல பாரு, மேகம் எப்படி வருதுன்னு. சினிமா தோத்துடும்."

"சொல்றதைக் கேளுங்கப்பா. எதையும் தொடாதீங்க. உள் ரூமுக்குப் போய் உட்காருங்க."

"படம் போச்சுன்னா பட்டனை அமுக்கித் திருப்பிப் போடணும்னு மாப்பிள்ளை சொல்லியிருக்கார். அவர் பார்த்துப்பார். நீ உன் வேலையைப் பாரு."

"அப்பா, அந்த..."

எர்த் வயர் கழன்றிருக்கிறது. மூன்றே வார்த்தை. வாய் வரை வந்துவிட்டது. சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார். 'எப்போ பார்த்தே?' என்பார்.

"அந்த ஜன்னலையாவது சாத்துங்க," என்றாள் பெரியவள்.

போனை வைத்தாள். தங்கை வீட்டுக்காரரின் நம்பரை எடுத்தாள். 'கேமரா' என்றுதான் அதைப் பதிந்து வைத்திருந்தாள். பெருவிரல் அந்தப் பெயருக்கு மேல் நின்றது. அவருக்குச் சொன்னால் ஓடிவந்து எல்லாவற்றையும் அணைப்பார். அப்பா அதையும் ஊரெல்லாம் சொல்லுவார், சமயத்தில் மாப்பிள்ளைதான் காப்பாற்றினார் என்று.

அவள் அந்த நம்பரை அழுத்தவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினாள்.

பத்து நிமிட தூரம். எட்டாவது நிமிடத்தில், தெருமுனை திரும்பும்போது, உலகமே ஒரு நொடி வெள்ளையாகிவிட்டது. சத்தம் கூடவே வந்தது. வண்டி அவள் கையிலிருந்து துள்ளியது. கண்ணைத் திறந்தபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் காலிமனையில் நின்ற பெரிய மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து புகைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து, அப்பாவைப் பார்க்க வந்திருந்த தங்கையின் அலறல்.

*

கூடத்தில் டிவி கறுத்திருந்தது. அதன் கீழே கேமராப் பெட்டி ஓரம் உருகி, பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். அப்பா இரண்டு அடி தள்ளி மல்லாந்து கிடந்தார். வலது கை விரல் நுனிகள் கறுத்திருந்தன. தங்கை அவரைத் தூக்கப் பாய்ந்தாள்.

"தொடாதே! தள்ளி நில்லு!"

பெரியவள் ஒரே எட்டில் மெயினை இறக்கினாள். பிறகுதான் அப்பாவிடம் மண்டியிட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. மூச்சு இருக்கிறதா, இல்லையா? காதை அவர் மூக்கருகே வைத்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

"அப்பா... அப்பா!"

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தங்கை பிறகு சொன்னாள், அரை நிமிடம்கூட இருக்காது என்று. அப்பா ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்தார்.

"படம் போச்சா?" என்றார்.

தங்கை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பெரியவளால் இரண்டும் முடியவில்லை.

*

நர்சிங் ஹோமில் டாக்டரம்மா இசிஜி எடுத்துப் பார்த்தார். கைக்குக் கட்டுப் போட்டார். "ஒரு காது கொஞ்ச நாளைக்கு மந்தமா இருக்கும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், நெஞ்சுத் துடிப்பைக் கவனிக்கணும். பெட்டியில கை வச்சிருக்கார், நல்லவேளை, கரண்ட் உடனே தூக்கி எறிஞ்சிடுச்சு. அதிர்ஷ்டம்தான்."

தங்கை வீட்டுக்காரர் வேலை இடத்திலிருந்து நனைந்தபடியே ஓடி வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அவரைக் கண்டதும் தங்கை வராந்தா என்றும் பார்க்காமல் வெடித்தாள்.

"எங்கப்பாவைக் கொல்றதுக்குத்தான் கம்பம் நட்டீங்களா? அக்கா அன்னிக்கே சொன்னாளா இல்லையா? அரெஸ்டர் போடுங்கன்னு சொன்னாளா இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவள் சுவரோரமாக நின்றாள். அந்த நிமிடம் அவளுக்கு இனித்தது. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. குனிந்த அந்தத் தலையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். "பெரியவளை வரச் சொல்லு. அவ மட்டும்."

அருகில் போனதும் கட்டுப் போடாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காததால் குரல் சத்தமாக வந்தது. வெளியே நிற்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"நீ சொன்னே. நான்தான் கேட்கலை. மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு ஆடிட்டேன். நம்ம வீட்டுல விவரம் தெரிஞ்சது நீ ஒருத்திதான்டி."

பதினெட்டு வருஷமாக எதிர்பார்த்த வார்த்தை. அவள் நினைத்திருந்தது போல அது உள்ளே இறங்கவில்லை. மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது.

"இனிமே அவரை வயர் பக்கமே விடாதே. எல்லாத்தையும் நீயே கழட்டிப் போட்டுடு. என்ன, செய்வியா?"

"வீட்டு வயரிங்கை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்ப்பா," என்று கையை உருவிக்கொண்டாள்.

*

வீட்டு வயரிங்கைப் பார்க்க அல்ல, பச்சை வயரை மாட்டத்தான் அவள் போனாள்.

வழியெல்லாம் கணக்காக யோசித்துக்கொண்டே வந்தாள். வயரை மாட்டிவிட்டால் தீர்ந்தது. புதன்கிழமை அவள் வந்துபோனது கொல்லைக் கேமராவில் பதிந்திருக்கும், ஆனால் பெட்டியோடு சேர்ந்து அதுவும் கருகிவிட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லை. எர்த் இருந்தும் அடி வந்தது, அரெஸ்டர் இல்லாததுதான் காரணம் என்று ஆகிவிடும். முழுப் பழியும் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

மழை விட்டிருந்தது. கொல்லையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சுவரோரமாக ஓடிய கேமரா வயர்களைக் கடந்து போனாள். ஒரே நேர்க்கோட்டில், சம இடைவெளியில் கிளிப் அடித்து, வளைவில் கூட மடங்காமல் ஓட்டியிருந்தார். அவளால்கூட இவ்வளவு அழகாக ஓட்ட முடியாது. இந்த நேரத்திலும் அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

எர்த் குழிக்குப் பக்கத்தில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர். அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்.

"அக்கா, இங்க பாருங்க." குரல் கரகரத்தது. சேறு படிந்த பச்சை வயரை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். "எர்த்தே இல்லை. கம்பம் நட்ட அன்னிக்கே கழன்றிருக்கு. வேலை முடிஞ்சதும் ஒரு தடவை சுத்திப் பார்த்திருந்தாப் போதும். பார்க்கலை. அவ சொன்னது சரிதான். நான்தான் மாமாவைக் கொல்லப் பார்த்திருக்கேன்."

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

அவள் 'ஆமா' என்று சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றாலே போதும்.

"நான் பார்த்தேன்," என்றாள்.

"என்னது?"

"இந்த வயரை. புதன்கிழமையே பார்த்தேன். கையில ஸ்பேனரும் இருந்துச்சு."

அவர் புரியாமல் அவளை அண்ணாந்து பார்த்தார். "மாட்ட மறந்துட்டீங்களா?"

வேலை அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவார். நம்பத் தயாராகவே அவர் முகம் இருந்தது.

"மறக்கலை. வேணும்னே விட்டுட்டுப் போனேன். உங்க கேமராவெல்லாம் கருகணும்னு நினைச்சேன். அப்பா முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்கணும்னு நினைச்சேன். அப்பா கை வைப்பார்னு நினைக்கலை."

அவர் மெல்ல எழுந்தார். வயர் கையிலிருந்து விழுந்தது.

"அவர் செத்திருந்தா?"

பெரியவள் கீழே விழுந்த வயரையே பார்த்தாள்.

"கேட்கறேன்ல? செத்திருந்தா? ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா! என்னைத் திட்டறதுக்காவது பண்ணியிருக்கலாமே! ஏன்டா கண்ணு தெரியலையான்னு நாலு பேர் முன்னாடி கேட்டிருக்கலாமே!"

"தோணுச்சு. இன்னிக்கு மத்தியானம்கூட உங்க நம்பரை எடுத்தேன். அழுத்தலை."

அவர் கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். சுண்ணாம்பு கன்னத்தில் அப்பியது.

"எங்க வீட்டுல ஒரு ஸ்விட்ச் கெட்டாக்கூட உங்க தங்கச்சி என்ன சொல்லுவா தெரியுமா? 'அக்கா வரட்டும்.' நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பேன். 'நீங்க தொடாதீங்க, அக்கா வந்து பார்ப்பா.' நீங்க அரெஸ்டர் போடணும்னு சொன்னீங்களே, அது சரின்னு எனக்கு அப்பவே தெரியும். வாங்கிக்கூட வச்சேன். நீங்க சொன்னீங்கங்கறதுக்காகவே போடாம விட்டேன். அட்டைப்பெட்டியோட அலமாரியில இருக்கு."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம் வரவில்லை. இந்த மனிதர் தன்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தார் என்பது அவள் கனவிலும் நினைக்காத விஷயம்.

அவள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குனிந்தாள். வயர் நுனியைச் சுரண்டிச் சேற்றை எடுத்தாள். ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை முடுக்குவது சிரமமாக இருந்தது. அவர் எழுந்து வந்து வயரைப் பிடித்துக்கொண்டார்.

நட்டு இறுகியது.

"மாமாகிட்ட இதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். குரலில் இரக்கம் எதுவும் இல்லை.

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தங்கை.

"அக்கா, எங்க இருக்கே? அப்பா கஞ்சி குடிக்க மாட்டேங்கறார். பெரியவ வந்து கொடுத்தாதான் குடிப்பேன்னு பிடிவாதம். சீக்கிரம் வா. அவர் வந்தார்னா வெளியிலயே நிக்கச் சொல்லு. அப்பா அவர் முகத்துல முழிக்க மாட்டாராம்."

*

இருவரும் ஒரே வண்டியில் நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெரியவள் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கட்டுப் போட்ட கையை நீட்டி நர்ஸிடம் அவளைக் காட்டினார்.

"இவதான் என் பெரிய பொண்ணு. பெரிய பெரிய வீட்டுக்கெல்லாம் இவதான் வயரிங். ஆம்பளைங்களே இவகிட்ட வந்து சந்தேகம் கேப்பாங்க. இன்னிக்கு நான் உயிரோட உட்கார்ந்திருக்கேன்னா இவளாலதான்."

"அப்படிங்களா சார்?" என்று நர்ஸ் சிரித்தாள்.

அப்பா படுக்கையில் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். தங்கை கஞ்சிக் கிண்ணத்தை அக்காவின் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. பெரியவள் ஒரு ஸ்பூன் எடுத்தாள். அது பாதி வழியிலேயே நின்றது. திருப்பிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

நர்ஸ் போகும் வரை காத்திருந்தாள்.

"அப்பா," என்றாள், அவருக்குக் கேட்கிற காதுப் பக்கம் குனிந்து. "புதன்கிழமை நான் வீட்டுக்கு வந்தேன். நீங்க ஜன்னல்கிட்ட நின்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு இருந்தீங்க."

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

அப்பா அவள் கன்னத்தைத் தட்டினார். சின்ன வயதில்கூட அவர் அப்படிச் செய்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"வந்தியா? அடடா, நான் பார்க்கவே இல்லையே," என்றார் சிரித்தபடி. "அவ்வளவு தூரம் வந்துட்டு, ஏம்மா உள்ள வராம போனே?"